ஜாடிக்குள்ள வாயை வை, பேராண்டி

ஏண்டா பேராண்டி, நீயும் உன் கூட்டாளிங்களும் மோட்டார் கொட்டாயில பாலைவன ராக்கு வாசிக்கிறீங்களாமே. வாசிங்க, நெல்லு ஒன்னும் கருகிடாது. ஆனா கம்மாபுரத்துல பாலைவனம் இல்லியேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. சித்திரையில விருத்தாசலத்து மணிமுத்தாத்துல போயி நில்லு. லாரிக்காரன் மிச்சம் வச்ச மணலு உன் பாட்டுக்குப் போதும்.

நீதான சொன்ன? கலிபோர்னியா பாம் டெசர்ட்டுல வாசிக்க எடங் கெடைக்காம, கயஸ்ஸுன்னு ஒரு கூட்டம் ஜெனரேட்டரைத் தூக்கிக்கிட்டு மணக்காட்டுக்குப் போனாங்கன்னு. ஆடியில கூழு ஊத்தறப்ப நம்ம சவுண்டு சர்வீஸ்காரன் வருசா வருசம் அதத்தானடா செய்யறான்! அந்தக் கயஸ்ஸுல ஜாஷ் ஹோமின்னு ஒரு பையன், கிடாரு நரம்பைத் தளத்தி பேஸு பெட்டியில சொருவி வாசிச்சானாம். நரம்பு தளந்தா நான் வைத்தியர்கிட்ட போறேன், அவனுக்குப் பேரு வந்துடுச்சி.

இந்தத் தலை சுத்தற பாட்டுக்கெல்லாம் பாட்டன் ஆஸ்டின்ல 1965ல கெளம்புன தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸாம். அதே ஊருல 2004ல கெளம்புன பிளாக் ஏஞ்சல்ஸ் பசங்க, தாங்க நடத்துன திருவிழாவுக்கே பின்னால லெவிடேஷன்னு அந்தப் பாட்டனோட பாட்டுப் பேரை வச்சாங்களாம். பக்தி! தலை சுத்தறதுக்கு அந்தக் காலத்து ஆளுங்க என்னென்னத்தையோ முழுங்குனாங்க. உனக்கு முந்திரிக்காட்டு வெயிலே போதும், வேற எதையும் தொட்டுடாத.

ஆனா அந்த எலிவேட்டர்ஸுல டாமி ஹால்னு ஒருத்தன் வாசிச்சது என்னா? ஜாடி! ஊதக்கூட இல்ல. ஜாடி வாய்க்குள்ள கொரலு குடுத்து, கிட்ட மைக்கைப் புடிப்பானாம். சத்தம் உள்ளாரயே உருண்டு கொழகொழன்னு வெளிய வருமாம். ஜாடிக்கு ஆஸ்டின் எதுக்குடா? நெய்வேலிக் களிமண்ணு பக்கத்துல, விருத்தாசலத்துல சூளை, பீங்கான் தொழிலச் சொல்லிக்குடுக்கப் படிப்பு வேற.

பானைதானேன்னு நெனச்சிடாத. கிரேட்ஃபுல் டெட்டுன்னு அறுவதுகள்ல கெளம்புன கூட்டத்து மோளக்காரன் மிக்கி ஹார்ட், 1991ல பிளானட் டிரம் போடறப்ப நம்ம விக்கு விநாயகராமைக் கடத்தோட கூட்டிக்கிட்டான். மறு வருசமே கிராமி.

நீ என்னான்னா, எஃபெக்ட்டுப் பெடலு வாங்கக் கறவ மாட்டை விக்கச் சொல்லி உங்கப்பங்கிட்ட மொனவுறியாம். மாட்டை உடு. சூளையில வாய் கோணுன ஜாடியக் கேளு, கொறச்சித் தருவான். உன் சங்கீதத்துக்குக் கோணல்தான் தோது. கூடவே வாய் நேரா இருக்கறது ஒன்னு எடுத்தாடா, உன் ஆயா மாங்கா ஊறுகா போடணுங்கறா. ரெண்டுக்கும் காசை உன் கூட்டாளிங்ககிட்ட வாங்கிக்க, பேண்டு செலவுன்னு சொல்லு.