காலந்தவறாமைக்கு இருபது ஆண்டு

கடைசல் யந்திரத்தை ஆளும் சிறு பலகைக்கு லினக்ஸ் கெர்னல் தேடும் புண்ணியவான் வேகத்தை யாசிப்பதில்லை. மில்லிவிநாடிக்கொரு முறை அச்சின் ஸ்தானத்தைச் சரிபார்க்கும் கடமை எந்தச் சந்தர்ப்பத்திலும் தாமதியாது நடைபெற வேண்டுமென்பதே அவன் பிரார்த்தனை. இதன்பொருட்டு 2004 வாக்கில் ஜனித்த பிரீஎம்ப்ட் ஆர்டி என்னும் ஒட்டு (பேட்ச்), காலந்தவறாமையையே ஜீவதர்மமாகக் கொண்டிருந்தும், மூலக் கெர்னலில் பூரணமாகப் பிரவேசிக்க 2024 வரை, அதாவது 6.12-ஆம் பதிப்புவரை, காத்திருக்க நேர்ந்தது. கடைசியில் வழிமறித்து நின்றது கடினமான கணிதமன்று, செய்திகளை அச்சிட்டுக் காட்டும் பிரிண்ட்கே என்னும் வாயாடிச் சேவகனே. அதுவரை நம்மவர், பலகை விற்றவர் அருளிய பழைய கெர்னலுக்கு எண் பொருந்தும் ஒட்டைத் தேடி, ஒட்டாமல் நிராகரிக்கப்பட்ட வரிகளைப் பாராயணம் செய்து, இரவெல்லாம் தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் ஓட்டினார்கள். பீகிள்போன் பிளாக் முதலான 32 பிட் ஆர்ம் பலகைக்காரருக்கோ, அந்தப் பிரவேசம் தம் பலகையை எட்டாமையால், அந்த 6.12-லும் ஒட்டே கதி.