டிகாக்‌ஷனுக்கு ஒரு ஆப்

சென்னைப் புறநகரில் குடியிருக்கும் எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மைத்துனன் வந்தான். கையில் பழமில்லை, பூவில்லை. விசிட்டிங் கார்டு இருந்தது. பெயருக்குக் கீழே ‘நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி’. நிறுவனம் எங்கேடா என்று கேட்டார் எழுத்தாளர். “இனிமேதான் மாமா ஆரம்பிக்கணும். கார்டு முதல்ல வந்துடுச்சு.”

யோசனை இதுதான். ராத்திரி ஒரு மெஷினில் காபித்தூளைப் போட்டுவிட வேண்டும். காலையில் படுக்கையில் இருந்தபடியே மொபைலைத் தட்டினால் டிகாக்‌ஷன் இறங்கும். தூள் தீரப்போனால் மெஷினே கடைக்கு ஆர்டர் போட்டுவிடும். விலை 18,000 ரூபாய். “உலகத்துலயே இதை யாரும் யோசிக்கல மாமா!”

அடுக்களையில் இருந்து அவனுடைய அக்கா எவர்சில்வர் ஃபில்டரோடு வந்தாள். மேல் அடுக்கைத் தூக்கிக் காட்டினாள். கீழே கறுகறுவென்று அரை டம்ளர் டிகாக்‌ஷன். “ராத்திரி வெந்நீர் ஊத்தி வெச்சா இதுவும் தானாத்தான்டா இறங்குது. சார்ஜ்கூடப் போட வேணாம்.”

மைத்துனன் அசரவில்லை. அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. கலிஃபோர்னியாவில் பெரிய பெரிய முதலீட்டாளர்களே இப்படி அசராமல் இருந்திருக்கிறார்கள். ஜூசெரோ என்ற கம்பெனி 2016இல் ஒரு மெஷினை விற்பனைக்கு விட்டது. நறுக்கிய பழமும் காய்கறியும் அடைத்த பாக்கெட்டை உள்ளே வைத்தால் சாறு பிழிந்து தரும். அதற்கு வைஃபை வேறு வேண்டும். விலை முதலில் 699 டாலர், பிறகு 399. அந்தக் கம்பெனியில் கொட்டப்பட்ட முதலீடு சுமார் 12 கோடி டாலர். 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பாக்கெட்டை வெறும் கையால் பிழிந்து பார்த்தார்கள். சாறு வந்தது. செப்டம்பரில் கடையை மூடிவிட்டார்கள். ஃபில்டரைத் தூக்கிக் காட்ட அங்கே ஓர் அக்கா இல்லாமல் போனாள்.

மூடிப்போன 101 ஸ்டார்ட்அப்களின் கதைகளை சிபி இன்சைட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2014இல் அலசியது. அதில் 42 சதவீதம் பேர் சொன்ன காரணம்: அந்தப் பொருள் சந்தையில் யாருக்கும் தேவைப்படவில்லை. கையில் காசு தீர்ந்தது என்று சொன்னவர்கள் 29 சதவீதம்.

தேவையைக் கண்டுபிடித்தவர்களும் இதே அடுக்களைச் சரக்கில் இருக்கிறார்கள். பெங்களூரில் ஒரு கடையில் பிளாஸ்டிக் பையில் இட்லி மாவை ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு விற்பதை முஸ்தஃபா என்பவரின் உறவுக்காரர் ஒருவர் கவனித்தார். வாங்குகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினார்கள், ஆனால் வாங்கினார்கள். அந்த முணுமுணுப்பை நம்பி 2005இல் முஸ்தஃபாவும் உறவுக்காரச் சகோதரர்களும் 50 சதுர அடி இடத்தில் தொடங்கியதுதான் ஐடி ஃப்ரெஷ் இட்லி மாவு. ஆப் இல்லை, பேர் இருந்தது.

“சரி, பார்ட்னர் யாரு?”

“ரூம்மேட் மாமா. ஆளுக்குப் பாதி. டீக்கடையிலேயே பேசி முடிச்சாச்சு.”

எழுத்தாளர் ரொனால்டு வேனின் கதையைச் சொன்னார். 1976 ஏப்ரல் 1ஆம் தேதி ஆப்பிளைத் தொடங்கக் கையெழுத்துப் போட்ட மூவரில் அவர் ஒருவர். பங்கு 10 சதவீதம். கடன் கழுத்தைப் பிடிக்குமோ என்ற பயத்தில் 12 நாளில் விலகினார். பங்குக்குக் கிடைத்தது 800 டாலர். அவராவது நல்லபடியாகப் போனார். ரூம்மேட் ஆறாம் மாதம் துபாயில் வேலை கிடைத்துக் கிளம்பினால் பாதிக் கம்பெனியும் அவனோடு விமானம் ஏறும். இதற்காகத்தான் பங்கை மொத்தமாக எழுதிக் கொடுக்காமல் நான்கு வருடத்தில் சிறுகச் சிறுகச் சேரும்படி ஒப்பந்தம் போடுகிறார்கள். முதல் வருடத்துக்குள் போகிறவருக்கு ஒன்றும் கிடையாது.

அடுத்தது பணம். மைத்துனன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். ஆபீஸ் அட்வான்ஸ், பீன் பேக், லோகோ போட்ட டீ-ஷர்ட் எல்லாம் இருந்தன. வீட்டு வாடகை இல்லை, பைக் தவணை இல்லை, சம்பளமில்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு இல்லை. கேட்டால், “ஃபண்டிங் வந்துடும் மாமா.” வராமலும் போகலாம், வாங்காமலும் இருக்கலாம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, வெளி முதலீட்டாளர் பணம் இல்லாமல், வாடிக்கையாளர் கொடுத்த காசிலேயே வளர்ந்தது.

கடைசியாக ஆடிட்டர் சமாசாரம். பிரைவேட் லிமிடெட் என்று பதிந்துவிட்டால் 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். ஒரு டம்ளர் டிகாக்‌ஷன்கூட விற்காவிட்டாலும் வருடா வருடம் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் அபராதக் கட்டணம். இரண்டு படிவத்தை ஒரு வருடம் மறந்தால் 73,000 ரூபாய்.

திறப்பது சுலபம். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மத்திய அரசின் பதிவுக் கட்டணம் கிடையாது; முத்திரைத் தீர்வை, ஆடிட்டர் கூலி போன்றவைதான் செலவு. வியாபாரம் நடக்காத கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க விண்ணப்பிப்பதற்குத்தான் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். பீன் பேக் வரைக்கும் யோசித்திருந்த மைத்துனனின் பட்டியலில் அந்த வரி இல்லை.