அனைவருக்கும் நன்றி

நன்றியுரை தொடங்கியதும் மொத்த மண்டபமும் எழுந்து சாம்பார் சாதப் பொட்டலத்தை நோக்கி நடக்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். முழங்காலில் கை, மைக்கில் காது.

ரத்ததான முகாம் என்றால் காலை 5 மணிக்கே வந்துவிடுவார். பள்ளிக்கூடப் பெஞ்சுகளை இழுத்துப் போடுவார், விரிப்பு விரிப்பார், பேனர் கட்டுவார். பேனரில் 11 பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கயிறு கட்டியவருக்கு அதில் இடமில்லை.

நன்றியுரையை அவர் கேட்பதே ஒரு கச்சேரி ரசிகரின் லட்சணத்தோடுதான். தலைவர் பெயருக்குத் தலையாட்டுவார். ரத்த வங்கி டாக்டரா, நியாயம். இடம் கொடுத்த தாளாளரா, சரி, போகட்டும். பிஸ்கட் கொடுத்த மளிகைக்கடைக்காரர் பெயர் வரும்போது லேசாக நிமிர்வார். அந்த பிஸ்கட் வந்தது இவருடைய ஸ்கூட்டரில். மைக் செட்காரர் வந்துவிட்டால் பட்டியல் முடியப்போகிறது என்று அவருக்குத் தெரியும். கழுத்து ஒரு அங்குலம் நீளும். “பெயர் விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். ஒத்துழைத்த தன்னார்வலர்கள் அனைவருக்கும்...” அவ்வளவுதான், தேசிய கீதம். பெஞ்சு, விரிப்பு, பேனர், பெட்ரோல் எல்லாம் அந்த ‘அனைவருக்கும்’ உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கீதம் முடிந்ததும் என் பக்கம் திரும்புவார். “நான் என்ன பேருக்காகவா சார் பண்றேன்?”

“சேச்சே.”

“ஒரு வார்த்தை சொன்னா இவங்க குறைஞ்சா போயிடுவாங்க?”

இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். அன்று பஸ்ஸில்தான் வீடு திரும்பினேன்.

அவர் பெயரே வாசிக்கப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு ஜூன் 14, உலக ரத்தக் கொடையாளர்கள் தினத்தன்று வாசித்தார்கள். ‘கே’ என்பதற்குப் பதில் ‘ஜே’ என்று இனிஷியல் விழுந்துவிட்டது. “யாரையோ சொல்றாங்க சார்” என்றார். இன்றுவரை அந்த ஜே-யைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அமைப்பிலிருந்து விலகுவதாகவும் அவ்வப்போது அறிவிப்பார். அலமாரிச் சாவியை மட்டும் திருப்பித் தர மாட்டார்.

ரத்தமும் கொடுப்பார். 90 நாள் இடைவெளியை விரலில் எண்ணி வைத்திருந்து, எல்லோரும் எழுந்த பிறகு கடைசி ஆளாகப் படுப்பார். 350 மில்லி கொடுத்தவருக்கு ஜூஸ், பிஸ்கட், சான்றிதழ். கையெழுத்து அழகு என்பதால் சான்றிதழ்களில் பெயர் எழுதும் வேலையும் அவருடையதுதான். ஆகவே தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்வார், ஜூஸைக் குடித்தபடி. அதில் மட்டும் இனிஷியல் சரியாக இருக்கும்.

இவ்வளவு நேரம் சிரித்தாயிற்று. எனக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. காசுக்கு ரத்தம் வாங்குவதற்கு நம் நாட்டில் 1998 ஜனவரி 1 முதல் தடை. மனமுவந்து வந்து படுப்பவர்களை நம்பித்தான் ரத்த வங்கி நடக்கிறது; அவர்கள் படுக்க யாராவது பெஞ்சு இழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்ட ஆளின் பெயர் எங்கள் பொறுப்பாளர்களுக்கு நிஜமாகவே தெரியாது. ‘ஸ்கூட்டர்காரர்’ என்கிறார்கள். எட்டு வருஷமாக அவருடைய பெட்ரோல் செலவை ஒருவரும் கேட்டதில்லை. பின்னால் உட்கார்ந்து போகிற நானும் கேட்டதில்லை.

இந்த அக்டோபர் 1 முகாமில் செயலாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நன்றியுரை என் தலையில் விழுந்தது. தலைவரையும் தாளாளரையும் தள்ளி வைத்துவிட்டு, முதல் பெயராக அவர் பெயரைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் நாற்காலி காலி. ரத்தப் பைகள் இருந்த ஐஸ் பெட்டியை வேனில் ஏற்றப் போயிருந்தார்.

பொட்டலங்கள் தீர்ந்த பிறகு வந்து சேர்ந்தார். “உங்க பேரைத்தான் சார் முதல்ல சொன்னேன்” என்றேன்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“எந்த இனிஷியல் சொன்னீங்க?”