கொங்சி வள்ளல்கள்

நிபோங் திபாலில் வீடு கட்டித் தரும் குத்தகையாளர்களுக்கு இன்றுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்தாமல் இருக்கிறோம். நன்றி கெட்டவர்கள் நாம். கரும்பும் ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் இரட்டை மாடி வீடுகள் வரிசை பிடித்து எழுகின்றன. எழுப்புகிறவர்கள் வங்காளதேசத்தார், இந்தோனேசியர், மியன்மார்காரர். அவர்களை இந்த வள்ளல்கள் தாங்கும் அழகைப் பார்க்கத் தகர வேலிக்குப் பின்னால் போக வேண்டும்.

அங்கேதான் தொழிலாளர் தங்கும் கொட்டகையான கொங்சி இருக்கிறது. தகரக் கூரை, பலகைச் சுவர். சன்னல் வைத்தால் செலவு என்பதல்ல காரணம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விட்ட சந்திலேயே காற்று வந்துவிடும் என்று கண்டறிந்த நுண்ணறிவு அது. விடுதி வகை அல்லாத தங்குமிடத்தில் ஆறு பேருக்கு ஒரு கழிவறை வேண்டும் என்று சட்டம் பிரிவினை பேசுகிறது. நம் குத்தகையாளர் தளம் முழுவதற்கும் ஒன்றே வைத்து ஒற்றுமையை வளர்க்கிறார். சிமெண்டு குழைக்கப் போகும் ரப்பர் குழாய்தான் குடிக்கவும் குளிக்கவும். கட்டடத்தையும் கட்டுகிறவனையும் வேற்றுமை பாராட்டாத இந்தச் சமநோக்கு முனிவர்களுக்கே அரிது.

அதே வகைத் தங்குமிடத்துக்கு 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்கும் மற்றவை இன்னும் பொல்லாதவை. ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் படுக்கும் இடம், 4 அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுப் போட்ட அலமாரி! மெத்தை சுகம் கண்டவன் விடியலில் எழுவானா? ஆகவே ஒட்டுப்பலகை. அலமாரியில் வைத்துப் பூட்ட அவனிடம் ஏதும் மிஞ்சாதபடி சம்பளத்தில் பிடித்தம் நடந்துவிடுகிறது. மிஞ்சிய ஒரே சொத்தான கடப்பிதழையும் முதலாளியே தம் மேசையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். பெற்ற தாய்கூட இவ்வளவு பொறுப்பெடுத்துக்கொள்ள மாட்டாள்.

நண்பகலில் ஓய்வெடுக்க இடமில்லை என்று புலம்புவோர் உண்டு. பாதி கட்டிய வீடுகள் அத்தனையும் யாருக்காகத் திறந்து கிடக்கின்றன? மேலே கம்பி, கீழே ஈரச் சிமெண்டு, கையில் சோற்றுப் பொட்டலம். வாங்கப் போகிறவருக்கு முன்பே அந்த வீட்டில் படுத்து எழும் பேறு இவர்களுக்குத்தான். நுழைவாயிலில் ‘பாதுகாப்பே முதன்மை’ என்று ஒரு பலகை நிற்கிறது பாருங்கள், அந்தப் பலகையைக் கழற்றினால் குளியலறைக்கு இரண்டு சுவர் தேறும். அறிவுரையை அப்படிக் கலைப்பது தகாது என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரைச் சுற்றி கலிடோனியா, பைராம், விக்டோரியா என்று தோட்டங்கள் இருந்த காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாருக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. இரக்கத்தால் அல்ல, சட்டம் நெருக்கியதால், லயம், மருந்து வீடு, ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் என்று தோட்டங்கள் காசைக் கரைத்தன. தொழிலாளர் தங்குமிடத்துக்கென 1990-இல் வந்த 446-ஆம் சட்டமும் முதலில் தோட்டங்களையும் சுரங்கங்களையும்தான் பார்த்தது. 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளையும் அது பிடித்துக்கொண்டது. நம்மவர்கள் கலங்கவில்லை. நாட்டில் இருந்த 16 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 91 விழுக்காட்டினருக்குச் சட்டப்படியான தங்குமிடம் இல்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் அப்போதைய மனிதவள அமைச்சர் எம். சரவணன் சொன்னார். எந்தத் தேர்விலும் இப்படி ஒருமித்த முடிவு வந்ததில்லை.

வீடு வாங்கும் நமக்கும் இந்தப் புகழில் பங்குண்டு. தரையோட்டின் நிறத்தை நாலு முறை மாற்றச் சொல்வோம். பதித்தவன் எங்கே படுத்தான் என்று கேட்டு விற்பனையாளரைச் சங்கடப்படுத்த மாட்டோம். என் பாட்டன் கப்பலேறி வந்தவர் என்று கல்யாண வீட்டில் கண்கலங்கிப் பேசிவிட்டு, கொங்சியைக் கடக்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவோம்.

தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் இல்லாமல் ஆளைத் தங்கவைத்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஓர் இரட்டை மாடி வீட்டுக்கு நாம் கட்டுகிற முன்பணம் ஏறத்தாழ அவ்வளவுதான்.