வழவழவென்று பிறந்த பாவம்

அனுப்புநர்:
ஹேண்டி-கன், .410 ரவைத் துப்பாக்கி, ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் தயாரிப்பு,
ஏதோ ஒரு வீட்டுப் பரண், அமெரிக்கா.
(முழு முகவரி எழுதினால் வீட்டுக்கார அம்மாவுக்குப் 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பொறுத்தருளவும்.)

பெறுநர்:
மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறை மேலதிகாரி, வாஷிங்டன்.

பொருள்: குழாய்க்குள் வரி இல்லாத குறைக்கு நிவாரணம் கோருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் பிறந்தவன் நான். 1921 முதல் 1934 வரை எங்கள் இனத்தில் ஏறத்தாழ 54,000 பேரைச் செய்து விற்றார்கள். கைத்துப்பாக்கி உயரம், உள்ளே போடுவது ஈய ரவைத் தோட்டா. பாம்பு, முயல் தவிர யாரோடும் எனக்குப் பகை கிடையாது.

1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. முதல் வரைவில் எல்லாக் கைத்துப்பாக்கிகளுக்கும் பதிவும் வரியும் உண்டு. அதற்குத் தப்ப, நீளத் துப்பாக்கியை அறுத்துச் சட்டைக்குள் செருகிவிடுவார்களே என்று குட்டைக் குழாயையும் சேர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைத்துப்பாக்கியை மட்டும் இறக்கிவிட்டார்கள். வண்டி எங்களோடு புறப்பட்டுவிட்டது. அந்த ஆண்டோடு எங்கள் உற்பத்தியும் நின்றது. இத்தாக்கா கம்பெனியின் இரட்டைக்குழல் ‘ஆட்டோ அண்ட் பர்க்லர்’ அண்ணனுக்கும் அதே கதி.

என் கூடப்பிறந்த .22 ஹேண்டி-கன் ஒருவன் இருக்கிறான். அதே பட்டறை, அதே உடம்பு. அவன் குழாய்க்குள் திருகு வரிகள் உண்டு, எனக்கு இல்லை. அதனால் அவன் சாதாரணக் கைத்துப்பாக்கி. நான் தங்கள் ஏட்டில் ‘இதர ஆயுதம்’. அவனையாவது விடுங்கள். டாரஸ் கம்பெனியின் ‘ஜட்ஜ்’ என்று ஒரு ரிவால்வர் வந்திருக்கிறது. என்னுடைய அதே .410 தோட்டாவைத்தான் சுடுகிறது, அதுவும் ஐந்து முறை. நானோ ஒரு தோட்டாக்காரன். ஆனால் ஜட்ஜுக்குக் குழாயில் வரி இருக்கிறது. கடையில் ராஜமரியாதையோடு உட்கார்ந்திருக்கிறார்.

பதிவு செய்துகொள்ள 1968இல் 30 நாள் மன்னிப்புக் காலம் தந்தீர்கள், உண்மை. பரணில் செய்தித்தாள் போடுவதில்லை, ஐயா. இன்றைக்கு இந்த அம்மா என்னைக் கண்டுபிடித்தால் பதியவும் முடியாது, விற்கவும் முடியாது. தங்களிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். சேகரிப்பவர்கள் பதிவுத்தாள் உள்ள என் சகோதரர்களைத் தேடி அலைகிறார்கள். துப்பாக்கியைவிடத் தாளுக்குத்தான் கிராக்கி.

2026 ஜனவரி முதல் எங்களுக்கான வரியை 0 டாலராக்கியதற்கு நன்றி. வரி போடும் அதிகாரத்தை வைத்துத்தான் இந்தச் சட்டமே நிற்கிறது என்று இத்தனை காலம் நீதிமன்றத்தில் சொல்லிவந்தீர்கள். இப்போது சூனியத்தை வசூலிக்கப் படிவம், புகைப்படம், கைரேகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. வசூலாகும் தொகையை எந்தக் கணக்கில் வரவு வைக்கிறீர்கள்?

சேகரிப்போர் பொருள் என்று தாங்கள் மனம் வைத்தால் பட்டியலிலிருந்து நீக்கலாம். வின்செஸ்டர் வீட்டுக் குட்டை டிராப்பர் கார்பைன்களுக்கு அந்தக் கருணை கிடைத்திருக்கிறது. எனக்கும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இதர ஆயுதம்.

இணைப்பு: புகைப்படம் 1. விரல் இல்லாததால் கைரேகை இணைக்கப்படவில்லை.