ஜோங்காக்காரர்

ஜோங்காக்காரர் ஒரு நாள்கூட ராணுவத்தில் இருந்ததில்லை. பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்ததே பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரிக்காகத்தான் என்று அவருடைய அண்ணன் சொல்வார். இப்போது ஐம்பதைத் தாண்டிய கோவை ஆடிட்டர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் ஷெட் கதவைத் தூக்கும் சத்தத்தைக் கேட்டால், எல்லையில் ஏதோ ஆகிவிட்டது என்றே தெருவில் நினைப்பார்கள்.

உள்ளே நிற்பது ஜோங்கா. நிசான் பேட்ரோலை அடிப்படையாகக் கொண்டு, இந்திய ராணுவத்துக்காக ஜபல்பூரில் செய்யப்பட்டு, 1999இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் எஞ்சின். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் உடனே நான்கு சக்கர இழுவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

ராணுவம் கழித்துக்கட்டிய வண்டியை ஏலத்தில் எடுத்த வியாபாரியிடமிருந்து வாங்கியது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு பழைய ராணுவ நம்பர் அப்படியே வந்தது, ஆர்.டி.ஓ. கேட்கும் காகிதம்தான் வரவில்லை. அம்புக்குறிக்கு அடுத்த இரண்டு இலக்கங்களும் ராணுவம் வண்டியை வாங்கிய ஆண்டைக் குறிக்கும் என்பதை, ஆர்.டி.ஓ. அலுவலக வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் விளக்கினார். கவுன்டரில் இருந்தவருக்கு வேறு சந்தேகம்: “இன்ஷூரன்ஸ் எங்கீங்க?”

அதைவிடப் பெரிய சோதனை நிறத்தில் வந்தது. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி. பட்டாளத்து வண்டிக்குப் பட்டாளத்து நிறம் கிடையாது! பெயின்ட் கடையின் நிற அட்டைகளைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தவர், கடைசியில் சட்டத்துக்கும் ஆசைக்கும் நடுவில் ஒரு நிறத்தைக் கண்டுபிடித்தார். முதல் நாளே சிக்னலில் மடக்கிவிட்டார்கள்.

“இது ஆலிவ் இல்லீங்க, பாசிப் பச்சைங்க.”

கான்ஸ்டபிள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். “வெயில்ல பாசியாத்தான் தெரியுது. நெழல்ல நிறுத்தீராதீங்க.”

வண்டி நின்றுவிட்டது என்று மட்டும் அவர் ஒருபோதும் சொல்ல மாட்டார். வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில், குடும்பத்தோடு ஏறிக்கொண்டிருந்தபோது எஞ்சின் இருமி ஓய்ந்தது. “இங்கிருந்து ஆழியாறு அணை நல்லாத் தெரியும், அதான் நிறுத்தினேன்” என்றார். பானெட்டுக்குள் தலையை விட்டு, கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி அவர் நிமிர்ந்தபோது, மனைவியும் பிள்ளைகளும் அரசு பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்கள்.

அவரைப் பொறாமைப்பட வைக்க உலகில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். அவர் உலகப் போர்க்காலத்து ஃபோர்டு ஜீப் வைத்திருக்கும் எஸ்டேட்காரர். வில்லிஸும் ஃபோர்டும் ஒரே வடிவத்தில்தான் ஜீப் செய்தன. ஆனால் ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ என்று பொறித்தது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை டார்ச் லைட்டோடு வண்டிக்கடியில் அனுப்பி அந்த எழுத்தைக் காட்டாமல் எஸ்டேட்காரர் காபி கொடுக்க மாட்டார். ஜோங்காக்காரரும் படுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. அந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பங்க்கில் “சார், கொஞ்சம் எந்திரிங்க” என்று பையன் சொல்ல, எஸ்டேட்காரர் சீட்டை விட்டு இறங்கி நிற்பதை இவர் கண்குளிரப் பார்த்திருக்கிறார்.

உதிரிப் பாகம் தேடி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அவர் கால் படாத இடமில்லை. போன மாதம் கியர்பாக்ஸ் மக்கர் செய்தது. மெக்கானிக் பாய் விசாரித்துவிட்டுச் சொன்னார்: “தனியா கியர்பாக்ஸ் கிடைக்காது சார். ஏலத்துல எடுத்த ஆளு லாட்டாத்தான் குடுப்பாராம். மூணு வண்டி.”

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விஷயம் வீட்டில் மெல்ல வெளியானது.

“ஏனுங்க, ஷெட்டுல ஏற்கெனவே ஒண்ணு நிக்குது. இன்னும் மூணை எங்க நிறுத்துவீங்க?”

“அந்த மூணும் ஓடாதும்மா. ஓடாத வண்டிக்கு எதுக்கு ஷெட்டு?”