துரியோதனனை யார் கேட்பது?

கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் 'மண்ணின் கலை'க்கு டிக்கெட் கிழிக்கும் ஐயாமார்களே, உங்கள் ஒழுக்கமே ஒழுக்கம்! ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வாங்குகிறீர்கள். இருபது விநாடி சினிமாப் பாட்டுக்கு இசை நிறுவனத்தின் சம்மதம் கேட்கிறீர்கள். இல்லாவிட்டால் ரீல்ஸ் ஊமையாகிவிடுமே. மரக்காணம் உப்பளப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாத் தெருக்கூத்தில் விடிய விடிய ஆடிய துரியோதனனை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் விலை சொல்லிவிடுவார் என்ற பயமா?

வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைத்தது ஊர். நீங்கள் ஓரமாக நின்று செல்போனில் பிடித்தீர்கள். அடுத்த மாதமே அந்தக் கிரீடமும் புஜக்கட்டையும் உங்கள் விளம்பரத்தில் சுழல்கின்றன. அவர் குரலை அழித்துவிட்டு ஏதோ ஒரு டமடம சத்தம். விளம்பரத்தில் துரியோதனன், மேடையில் டி.ஜே.! கேட்டால், "பேர் உங்களுக்குத்தானே!" எங்கேய்யா அந்தப் பேர்? 'கிராமியக் கலைஞர்' என்றுதானே போட்டிருக்கிறீர்கள்?

பதிப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்திலேயே பாம்பாட்டியைக்கூட நிகழ்த்துநர் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆட்டத்தைப் படம்பிடிப்பதும் பரப்புவதும் ஆடியவருக்கே உரிய உரிமை என்று 2012 திருத்தம் சொல்கிறது. தன் பெயரையும் பாணியையும் ஓர் இந்திப் படம் எடுத்துக்கொண்டதாக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2015இல் தடை கிடைத்தது. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு உப்பு வாரப் போகிறவர் எந்த வக்கீலைப் பார்ப்பார்? அந்தத் தைரியம்தானே உங்களுக்கு?

மரக்காணம்தான் பழைய எயிற்பட்டினம் என்பார்கள் ஆய்வாளர்கள். சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் பட்டினம். பாணனுக்கு விருந்து வைத்து, பரிசும் கொடுத்து அனுப்பியவன் அவன். நல்லவேளை, நீங்கள் அவன் சபையில் இல்லை. இருந்திருந்தால், "பரிசில் எதற்கு மன்னா, எக்ஸ்போஷர் கொடுத்து அனுப்புங்கள்" என்று காதைக் கடித்திருப்பீர்கள்.

ஒரே ஒரு தாள் போதும். எந்த வீடியோ, எந்த நிகழ்ச்சிக்கு, எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று தமிழில் எழுதுங்கள்; ஆடியவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் நேரமில்லையா? சரி. நிகழ்த்துநர் உரிமைக்கு ஆயுள் 50 ஆண்டு. இவர் கேட்காவிட்டாலும் பேத்தி சட்டம் படித்துவிட்டு வருவாள். அதுவரை அந்த ரீல்ஸை அழித்துவிடாதீர்கள், சாட்சிக்கு வேண்டும்.